எல்லாரும் வந்து ஆடுகிற மாதிரி எலக்ட்ரானிக் இசை நிகழ்ச்சி நடத்துவது எப்படி? மதுரையிலிருந்து சில கேள்வி பதில்கள்

நண்பர்கள் ஐந்து பேர் சேர்ந்து மூன்று வருஷமாக மதுரையில் சின்ன அளவில் எலக்ட்ரானிக் இசை நிகழ்ச்சிகள் நடத்துகிறோம். பெரிய ஆட்கள் இல்லை. வாடகை ஹால், வாடகை ஸ்பீக்கர், பாட்டுகளைக் கலந்து போடுகிற கன்ட்ரோலர் கருவி ஒன்று இரவலாக, நூறு பேர் வந்துவிட்டால் அன்றைக்குப் பரோட்டா செலவு எங்களுடையது, அவ்வளவுதான். திண்டுக்கல், தேனி, விருதுநகர் பக்கம் இதேபோல் தொடங்க நினைக்கிறவர்கள் போன் செய்து கேட்பதெல்லாம் கிட்டத்தட்ட ஒரே கேள்விகள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்துவிட்டதால் இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன், சிலது கோபமாக இருக்கும், சிலது கிண்டலாக இருக்கும்.

எலக்ட்ரானிக் மியூசிக்னா நம்ம கல்யாண ரிசப்ஷன்ல டிஜே போடுறதுதானண்ணே?

பாதி ஆமாம். பெட்டியும் மிக்சரும் ஒன்றுதான், வேலை வேறு. ரிசப்ஷனில் தெரிந்த பாட்டை ஒன்றன் பின் ஒன்றாகப் போடுவார்கள். நாங்கள் போடுவது ஹவுஸ், டெக்னோ வகை. நிமிஷத்துக்கு 120, 130 அடி என்று ஒரு தாளத்தைப் பிடித்து, அதை அறுக்காமல் ஒரு மணி, இரண்டு மணி நேரம் வளர்த்துக்கொண்டே போகிற இசை. பெரும்பாலும் வரிகள் இருக்காது. வரி தெரியாதவரும் ஆடலாம் என்பது இதில் எனக்குப் பிடித்த விஷயம்.

டெக்னோவை 1980களில் அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் என்ற மூன்று கறுப்பின இளைஞர்கள் வளர்த்தெடுத்தார்கள். நம் நாட்டுக்கும் இதில் ஒரு ஓரக்கதை உண்டு. பம்பாயில் சினிமா இசைக்குழுக்களில் வாசித்துக்கொண்டிருந்த சரண்ஜித் சிங் 1982ல் ரோலண்ட் கம்பெனியின் டிபி 303 என்ற பேஸ் கருவியையும் டிஆர் 808 என்ற தாளக் கருவியையும் வைத்துப் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ஒரு இசைத்தட்டு போட்டார். அதே 303 கருவியின் சத்தத்தை வைத்து சிகாகோக்காரர்கள் ஆசிட் ஹவுஸ் என்ற வகையை 1987 வாக்கில்தான் வெளியிட்டார்கள். சரண்ஜித் சிங்கின் தட்டை அப்போது யாரும் சீந்தவில்லை, 2010ல் மறுபடி வெளியானபோதுதான் உலகம் வாயைப் பிளந்தது.

டிக்கெட் வாங்குனவன் வரப் போறான். எல்லாரையும் சேர்க்கணும்னு எதுக்குத் தனியா மெனக்கெடணும்?

எங்கள் முதல் நிகழ்ச்சிக்கு அறுபது பேர் வந்தார்கள். அதில் ஐம்பத்தாறு பேர் பையன்கள், அதிலும் முக்கால்வாசி இரண்டே கல்லூரிக்காரர்கள், எல்லாரும் எங்கள் ஐவரில் யாரோ ஒருவருக்குத் தெரிந்தவர்கள். யாரையும் வராதே என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் எட்டு மணிக்குத் தொடங்கினோம், ரிங் ரோட்டில் ஹால் பிடித்தோம், எங்கள் நண்பர்களின் போனில் மட்டும் விளம்பரம் செய்தோம். யார் வர முடியும் என்பதை அந்த மூன்றும் எங்களுக்கே தெரியாமல் முடிவு செய்துவிட்டன.

இன்னொன்று, இந்த இசையே வெளியே நிறுத்தப்பட்டவர்கள் உண்டாக்கியது. 1977ல் சிகாகோவில் வேர்ஹவுஸ் என்று ஒரு கிளப் திறந்தது, அங்கே ஃபிராங்கி நக்கில்ஸ் போட்ட இசைக்கு ஆடியவர்களில் பெரும்பகுதி கறுப்பின, லத்தீன் தன்பாலீர்ப்பாளர்கள். ஊரில் மற்ற கிளப்களின் வாசலில் அவர்களுக்கு என்ன மரியாதை கிடைத்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஹவுஸ் என்ற பெயரே அந்தக் கிளப்பின் பெயரிலிருந்து வந்தது என்பார்கள். 1979 ஜூலை 12 அன்று அதே ஊரில் ஒரு பேஸ்பால் மைதானத்தில், ஹவுஸுக்குத் தாய் மாதிரியான டிஸ்கோவின் இசைத்தட்டுகளைக் குவித்து வெடி வைத்துக் கொண்டாடினார்கள். அப்படி ஒரு ஊரில் பிழைத்து வந்த இசையை இங்கே கொண்டுவந்து, வாசலில் ஆள் பார்த்து உள்ளே விட்டால் எனக்கு அது உறுத்தும்.

இதெல்லாம் வெளிநாட்டுப் பேச்சு. அழகர் ஆத்துல இறங்குறப்ப எல்லாரும்தான ஆடுறாங்க, நாங்க என்ன ஆளு பாத்தா ஆடுறோம்?

ஆடுகிறோம்தான். நானும் சின்ன வயதிலிருந்து ஆடியிருக்கிறேன். ஆனால் மண்டகப்படி யாருடையது, முதல் மரியாதை யாருக்கு என்று வரும்போது அந்த 'எல்லாரும்' எவ்வளவு தூரம் போகிறது என்பது மதுரைக்காரருக்குத் தெரியும், அதை இங்கே கிளற வேண்டாம்.

சித்திரைத் திருவிழாவிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு ஒன்று. விடிகாலை மூன்று மணிக்குக் கைக்குழந்தையோடு பெண்கள் வைகைக் கரையில் நடக்கிறார்கள். எப்படி? தெருவில் விளக்கு எரிகிறது, கடை திறந்திருக்கிறது, ராத்திரி முழுக்க பஸ் ஓடுகிறது, நாலு எட்டுக்கு ஒரு நீர்மோர்ப் பந்தல் இருக்கிறது. தைரியமாக வாருங்கள் என்று யாரும் மைக்கில் சொல்வதில்லை, வெளிச்சமும் தண்ணீரும் பஸ்ஸும் அதைச் சொல்லிவிடுகின்றன.

எங்க புரோகிராமுக்குப் பொண்ணுங்களே வர்றதில்ல. என்னதான் பண்றது?

நாங்களும் இதே புலம்பல்தான் புலம்பினோம். ஒரு கல்லூரி மாணவி ஒரே வரியில் முடித்துவிட்டார்: "ஹாஸ்டல் கேட் எத்தனை மணிக்கு மூடுவாங்கன்னு உங்கள்ல யாருக்காவது தெரியுமா அண்ணா?" தெரியாது. அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமை மூன்றரைக்குத் தொடங்கி ஏழரைக்கு முடிக்கிறோம். இருட்டில் ஆடினால்தான் டெக்னோ என்று எங்களில் ஒருத்தன் ரொம்ப நாள் முறுக்கிக்கொண்டு இருந்தான், ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டியதும் சரியாகிவிட்டான்.

அடுத்தது ஹால். ரிங் ரோட்டில் வாடகை குறைவுதான், ஆனால் முடிந்து வெளியே வந்தால் கும்மிருட்டு, ஆட்டோக்காரர் சொல்வதுதான் ரேட். இப்போது டவுன் பஸ் நிற்கிற இடத்திலிருந்து ஐந்து நிமிஷ நடைக்குள் கிடைக்கிற ஹாலைத்தான் பிடிக்கிறோம், வாடகை ஆயிரம் இரண்டாயிரம் கூடினாலும் சரி. 2021லிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, திருநங்கைகளுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அப்படியே. அந்தப் பஸ்ஸில் வந்து அந்தப் பஸ்ஸிலேயே திரும்ப முடிந்தால் பாதி வேலை முடிந்தது. திருமங்கலம், மேலூர், உசிலம்பட்டியிலிருந்து வருகிறவர்கள் பெரியார் நிலையத்துக்கோ மாட்டுத்தாவணிக்கோ ஆரப்பாளையத்துக்கோ போய் அடுத்த பஸ் பிடிக்கிற நேரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

மூன்றாவது கழிப்பறை. ஹாலைப் பார்க்கப் போகும்போது எங்களில் யாரும் பெண்கள் கழிப்பறைக்குள் எட்டிப் பார்த்ததே இல்லை. தாழ்ப்பாள் இருக்கிறதா, தண்ணீர் வருகிறதா, பல்பு எரிகிறதா, மூடி போட்ட குப்பைக்கூடை இருக்கிறதா என்று இப்போது முதலில் அதைத்தான் பார்க்கிறோம். அப்புறம் அம்மாக்கள். "என்ன எடம்னு நான் ஒரு தடவ பாக்கணும்" என்று சொல்கிற அம்மாவுக்கு டிக்கெட் கேட்காதீர்கள். ஒருவர் வந்து கடைசி வரிசை நாற்காலியில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் கடலை தின்றுவிட்டு, "சத்தந்தான் ஜாஸ்தி, மத்தபடி ஒண்ணுமில்ல" என்று கிளம்பிவிட்டார். அடுத்த முறை அவர் தெருவிலிருந்து மூன்று பெண்கள் வந்தார்கள்.

பொண்ணுங்களுக்கு ஃப்ரீ என்ட்ரின்னு போஸ்டர் அடிச்சா தானா வருவாங்கள்ல?

வருவார்கள், பெண்கள் அல்ல, பெண்கள் வருவார்கள் என்று நினைத்துக் காசு கொடுக்கிற ஆண்கள். அவளை வைத்து இவனுக்கு டிக்கெட் விற்கிற வியாபாரம் அது, உள்ளே வந்தவளுக்கு அது புரிந்துவிடும். 'ஜோடிகளுக்கு மட்டும்' என்பதும் இதே கதைதான். தனியாக வருகிற பெண், தோழியோடு வருகிற பெண், கூட்டிக்கொண்டு வர யாரும் இல்லாத கூச்சக்காரப் பையன் என்று எல்லாரையும் ஒரே வரியில் வெளியே தள்ளுகிறது.

மதுரைல பொம்பள டிஜேக்கு எங்கண்ணே போறது? சென்னைலருந்துதான் எறக்கணும்.

இறக்கலாம், ரயில் டிக்கெட்டும் சம்பளமும் ஒழுங்காகக் கொடுத்தால். ஆனால் இங்கே இல்லை என்பது நாம் தேடாததால் வந்த முடிவு. கன்ட்ரோலர் விலை அதிகம், அதனால் அது பையன்கள் வீட்டு மாடி அறையில் இருக்கிறது, அந்த அறையில் ஒரு பெண் போய் மூன்று மணி நேரம் பழகிவிட்டு வர முடியாது. நாங்கள் மாதத்தில் ஒரு சனிக்கிழமை மதியம் கதவு திறந்த ஒரு டியூஷன் சென்டரில் கருவியை வைத்துவிட்டு, யார் வேண்டுமானாலும் வந்து தொடலாம் என்றோம். முதல் இரண்டு மாதம் ஒருத்தரும் வரவில்லை. மூன்றாவது மாதம் இரண்டு பேர். அதில் ஒருவர் இன்று எங்களைவிட நன்றாக மிக்ஸ் செய்கிறார், எங்களுக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

பெண்களுக்கு இது புதுசும் இல்லை. டாக்டர் ஹூ என்ற பிபிசி தொடரின் முகப்பு இசையை 1963ல் காந்த நாடாவைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டி உருவாக்கியவர் டெலியா டெர்பிஷயர். திரையில் அவர் பெயரைப் போட 2013 ஆயிற்று. அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969ல் மூக் சிந்தசைசரோடு (மின்சாரத்தால் சத்தத்தை உண்டாக்குகிற கருவி) ஒரு ஸ்டுடியோ வந்தது, அங்கே இசை அமைத்தவர்களில் கீதா சாராபாயும் ஒருவர். 1968ல் ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் இசையை முழுக்க சிந்தசைசரில் வாசித்து உலகத்துக்கே அந்தக் கருவியை அறிமுகம் செய்த வெண்டி கார்லோஸ் ஒரு திருநங்கை. இவ்வளவு இருந்தும் மேடைக் கணக்கு பரிதாபம்தான். ஃபீமேல் பிரஷர் என்ற கலைஞர் கூட்டமைப்பு எலக்ட்ரானிக் இசை விழாக்களை எண்ணிப் பார்த்ததில் பெண்களின் பங்கு 2012ல் 9.2 சதவீதம், 2020-21ல் 26.9 சதவீதம். உலகமே அந்த லட்சணத்தில் இருக்கிறது என்று நாம் ஆறுதல் பட்டுக்கொள்ளலாம், அல்லது நம் ஊரில் மூன்று பேரில் ஒருவர் என்று தொடங்கலாம். ஒன்று மட்டும், புதியவருக்கு ஆள் வராத முதல் அரை மணி நேரத்தைத் தள்ளிவிட்டு 'வாய்ப்புக் கொடுத்தோம்' என்று சொல்லாதீர்கள்.

திருநங்கைகள் வந்தா மத்தவங்க ஒரு மாதிரி சங்கடப்படுவாங்களே, அதுக்கு என்ன செய்ய?

சங்கடப்படுகிறவர் கொஞ்ச நேரம் சங்கடப்படட்டும். இதற்கு மேல் அந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் வருவதில்லை. திருநங்கைகளுக்கும் திருநம்பிகளுக்கும் தங்கள் பாலினத்தைத் தாங்களே சொல்லிக்கொள்கிற உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரல் 15 அன்றே சொல்லிவிட்டது. நம் ஊரிலேயே இருக்கிற உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, இந்து திருமணச் சட்டத்தில் 'மணமகள்' என்ற சொல்லில் திருநங்கையும் அடங்குவார் என்று 2019 ஏப்ரலில் தீர்ப்பு எழுதியது. கல்யாணத்துக்கே ஆகும் என்றான பிறகு ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு ஆகாதா?

நடைமுறையில் மூன்று இடத்தில்தான் தப்பு நடக்கிறது. ஒன்று, வாசலில் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டுப் பழைய பெயரைச் சத்தமாகப் படிப்பது. எங்களுக்கு அட்டையே தேவையில்லை, அவர் சொல்கிற பெயர் போதும். இரண்டு, சோதனை. பெண் காவலரா ஆண் காவலரா என்று அவரிடமே கேட்டுவிடுங்கள். மூன்று, கழிப்பறை. ஒற்றைக் கதவு வைத்த ஒரு கழிப்பறையை யாரும் போகலாம் என்று எழுதி ஒதுக்கினால் இந்தப் பேச்சே வராது, குழந்தையோடு வந்த அப்பாவுக்கும் அது உதவுகிறது. அப்புறம், அவர்களைக் கூப்பிட்டு மேடையில் ஒரு 'ஐட்டமாக' ஆடவிட்டுக் கைதட்டுகிற பழக்கம் இங்கே உண்டு, அது வேண்டாம். காசு கொடுத்து வந்தவர் மற்றவரைப் போல ஓரமாக நின்று ஆடிவிட்டுப் போகட்டும். டிஜேயாக வந்தால் டிஜே சம்பளம்.

பாட்டு வரியே இல்லாத மியூசிக்ல சாதி எங்கண்ணே வரப் போகுது? சும்மா எல்லாத்துலயும் சாதியக் கொண்டாறீங்க.

நான் கொண்டுவரவில்லை தம்பி, அது எனக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருக்கிறது. முதலில் ஹால். நம் பக்கம் வாடகைக்குக் கிடைக்கிற மண்டபங்களில் பாதி ஏதாவது ஒரு சமூகத்தின் உறவின்முறை மண்டபம். வாசலில் பெயர், உள்ளே தலைவர் படம். இன்னாருக்கு அங்கே கால் வைக்கத் தயக்கமாக இருக்கும், அவர் உங்களிடம் சொல்லவும் மாட்டார், பேசாமல் வராமல் இருந்துவிடுவார். நாங்கள் இப்போது பொது ஹால், இல்லையென்றால் யாராவது கொடுக்கிற குடோன்.

அடுத்தது பாட்டு. டெக்னோதான் என்று சொல்லியும் ஒருத்தன் வந்து "நம்மாளுக பாட்டு ஒண்ணு போடுங்கண்ணே" என்பான். ஊர்த் திருவிழா ஆடல் பாடலில் எந்தப் பாட்டுக்கு எந்தத் தெரு எழுந்து ஆடும், எந்தப் பாட்டில் கைகலப்பு தொடங்கும் என்று மைக் செட்காரர்களுக்கு அத்துப்படி. ஆடல் பாடலுக்கு அனுமதி கொடுக்கும்போது சாதி, மதம், கட்சி பற்றிய பாட்டோ பேச்சோ கூடாது என்று மதுரைக் கிளை நிபந்தனை போடுவதும் இதனால்தான். எங்கள் விதி சுலபம்: யாருக்கும் விரும்பிக் கேட்கும் பாட்டு இல்லை, என் தங்கச்சி கேட்டாலும் இல்லை.

யாரும் யோசிக்காத ஒன்று, கையில் கட்டுகிற பட்டை. வெளியூர் நிகழ்ச்சிகளைப் பார்த்து நாங்களும் கலர் கலராகப் பட்டை வாங்கினோம். ஒரு பையன் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டான். தென் மாவட்டப் பள்ளிகளில் கயிற்றின் நிறத்தை வைத்துத்தான் யார் எந்தச் சாதி என்று பிரித்துக்கொள்கிறார்கள், நீதிபதி சந்துரு குழு 2024ல் கொடுத்த அறிக்கையில் அந்தக் கயிறுகளைத் தடை செய்யச் சொன்னதும் நினைவிருக்கும். அன்றிலிருந்து எங்களிடம் புறங்கையில் ஒரு ரப்பர் ஸ்டாம்ப், ஒரே மை, எல்லாருக்கும். வாசலில் நிற்கிற நம் பையன்களுக்கும் சொல்லி வையுங்கள், "எந்த ஊரு" என்று கேட்டால் பரவாயில்லை, "ஊர்ல எந்தப் பக்கம்" என்று அடுத்த கேள்வி கேட்கவே கூடாது. ஸ்பீக்கர் தூக்க வருகிற பையன்களுக்கு எல்லாருக்கும் போடுகிற பந்தியிலேயே சாப்பாடு, வெளியே வேனில் பொட்டலம் இல்லை.

அப்ப பறையை டெக்னோவோட கலந்து போட்டா, அது எல்லாரையும் சேத்துக்கிட்ட மாதிரிதானே?

இணையத்திலிருந்து ஒரு பறைச் சத்தத்தை வெட்டி எடுத்துத் திரும்பத் திரும்ப ஓடவிட்டால் பறை வந்தது, பறை அடிக்கிறவர் வரவில்லை. மேலே சொன்ன எல்லாமும் இங்கே மறுபடி பொருந்தும். சாவுக்கு மட்டும் கூப்பிட்டு, சொன்ன கூலியில் பாதியைக் கொடுத்து அனுப்பிய வரலாறு அந்தத் தோலில் இருக்கிறது. கலக்க வேண்டும் என்றால் ஆளைக் கூப்பிடுங்கள், ஒத்திகைக்கும் சேர்த்துக் காசு பேசுங்கள், போஸ்டரில் டிஜேயின் பெயர் எந்த அளவு எழுத்தோ அதே அளவில் அவர் பெயர் வரட்டும், 'பறை இசைக் குழு' என்று மொட்டையாகப் போடாதீர்கள். பதிவு செய்தால் அதற்கு அவர் சம்மதம் வேண்டும், அதில் வருமானம் வந்தால் பங்கு யாருக்கு எவ்வளவு என்று முன்கூட்டியே தாளில் எழுதிவிடுங்கள்.

தொழில்நுட்பமாகவும் ஒன்று சொல்ல வேண்டும். நெருப்பில் காய்ச்சிய பறை நேரம் போகப் போகத் தளரும். மறுபடி காய்ச்ச வெளியே ஒரு இடம், பத்து நிமிஷ இடைவேளை இரண்டையும் திட்டத்திலேயே வையுங்கள். அவர் கணினியின் தாளத்துக்கு ஓட வேண்டும் என்றில்லை, டிஜே அவருக்கு ஏற்ற மாதிரி வேகத்தை விரலால் தள்ளிக்கொள்ளலாம், அதற்குத்தான் கன்ட்ரோலரில் ஒரு ஸ்லைடர் இருக்கிறது.

லுங்கி, செருப்போட வர்றவன உள்ள விடலாமா? பவுன்சர் விட மாட்டேங்கிறாரு.

விடலாம். ஷூ இருந்தால்தான் ஆட்டம் வரும் என்பது மதுரையில் செல்லாத பேச்சு. வேட்டியை மடித்துக் கட்டியவர் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தால் அவர்தான் நமக்கு வேண்டிய ஆள், அவர் இன்ஸ்டாகிராமில் நம்மைத் தேடி வரப் போவதில்லை. போனில் மட்டும் டிக்கெட் என்று வைக்காதீர்கள், வாசலில் ரொக்கமும் வாங்குங்கள்.

பவுன்சர் வேண்டுமா என்றால், நூறு பேர் கூட்டத்துக்குக் கறுப்புச் சட்டை மலை மாதிரி ஆள் தேவையில்லை. கூட்டம் பெருகி வைத்தே ஆக வேண்டும் என்றால் ஒரு பெண் காவலரும் சேர்த்து வையுங்கள், தொடங்குவதற்கு முன்னால் டீ வாங்கிக் கொடுத்து அரை மணி நேரம் பேசுங்கள். யாரைத் தடுப்பது என்பது அவர் கண்ணளவில் விடப்பட்டால், அவர் ஊர் எதைப் பார்த்துத் தடுக்குமோ அதைப் பார்த்துத்தான் தடுப்பார்.

காது கேக்காதவங்க டிஜேக்கு வந்து என்னண்ணே பண்ணுவாங்க?

கேட்டவர் கிண்டலாகத்தான் கேட்டார், ஆனால் எனக்குப் பிடித்த கேள்வி. பேஸ், அதாவது அந்தக் கனத்த அடிச்சத்தம், காதுக்கு மட்டுமா வருகிறது? நெஞ்சில் இடிக்கிறது, தரை அதிர்கிறது. ஸ்காட்லாந்தின் தாளக் கலைஞர் எவலின் கிளெனி பன்னிரண்டு வயதிலிருந்தே கிட்டத்தட்ட முழுக்கக் கேட்காதவர், அதிர்வைக் காலில் வாங்குவதற்காகச் செருப்பில்லாமல் வாசிப்பார், 2012 லண்டன் ஒலிம்பிக் தொடக்க விழாவில் தாளக்காரர்களுக்குத் தலைமை தாங்கியவரும் அவர்தான். மரப்பலகை மேடைக்குப் பக்கத்தில் சப் வூஃபரை (பேஸுக்கான ஸ்பீக்கர்) வைத்தால் அந்தப் பலகையில் நிற்கிறவருக்கு பேஸின் அதிர்வு காலில் போய்ச் சேரும். அறிவிப்புகளை மைக்கில் மட்டும் சொல்லாமல் ஒரு அட்டையில் எழுதியும் காட்டுங்கள், அவ்வளவுதான்.

சக்கர நாற்காலிக்கு: ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளப் பலகை, இதுதான் கணக்கு. இரண்டு பேர் சேர்ந்து தூக்கிவிடுகிறோம் என்று அன்பாகச் சொல்வார்கள், யாருக்கும் மூட்டை மாதிரி தூக்கப்படப் பிடிக்காது. பளிச் பளிச்சென்று மின்னுகிற ஸ்ட்ரோப் விளக்கைப் பொறுத்தவரை விநாடிக்கு நாலு மின்னலுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், சில வலிப்பு நோயாளிகளுக்கு அது வலிப்பைத் தூண்டிவிடும். போட்டால் போஸ்டரிலும் வாசலிலும் எழுதுங்கள்.

சத்தம் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இசை அரங்குகளில் பதினைந்து நிமிஷ சராசரி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2022ல் வரையறுத்தது. போன் செயலி துல்லியம் இல்லை, ஆனாலும் எங்கே நிற்கிறோம் என்று காட்டிவிடும். மெடிக்கலில் காதை அடைக்கிற இயர் பிளக் வாங்கி ஒரு டப்பாவில் வையுங்கள். அப்புறம் சத்தம் எட்டாத ஒரு அறையில் நாலு நாற்காலி, ஒரு ஃபேன், தண்ணீர் கேன். கூட்டத்தில் திணறுகிறவர்களுக்காகத்தான் அதை வைத்தோம், பாதி நேரம் அங்கே உட்கார்ந்திருப்பது ஓய்ந்துபோன டிஜேக்கள்.

சரக்கு இல்லாம பார்ட்டியா? ஒருத்தன் வர மாட்டான்.

வருகிறார்கள். ஜிகர்தண்டா, எலுமிச்சை சர்பத், சுண்டல். தமிழ்நாட்டில் மதுவுக்கு வயது 21, நம் கூட்டத்தில் பாதிப் பேர் அதற்குக் கீழே. அது போக, குடி இருக்கிற இடத்துக்கு நாலாவது கேள்வியில் சொன்ன அம்மா தன் பெண்ணை அனுப்ப மாட்டார்.

பக்கத்து வீட்டுக்காரங்க போலீஸ்ல சொல்லிட்டாங்க. அவங்களும் நம்ம 'எல்லாரும்' கணக்குல வருவாங்களா?

வருவார்கள். அங்கே ஒரு பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளையும் ஒரு வயதானவரும் இருப்பார்கள். 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி ராத்திரி பத்திலிருந்து காலை ஆறு வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது, ஆஸ்பத்திரி, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம். ஏழரைக்கு முடித்துவிட்டால் பத்து மணிப் பிரச்சினையே இல்லை. இரண்டு நாள் முன்னால் பக்கத்து வீடுகளுக்கு நேரில் போய் எத்தனை மணிக்கு முடியும் என்று சொல்லி, ஒரு போன் நம்பரும் கொடுத்துவிட்டு வாருங்கள். போன் வந்தால் எடுத்து பேஸைக் குறையுங்கள், சுவரைத் தாண்டிப் போவது அதுதான்.

உள்ள ஒருத்தன் தப்பா நடந்துக்கிட்டா? அவன் நம்ம கூட்டாளியா இருந்தா?

முதல் பாதிக்குப் பதில் எளிது. கழுத்தில் பெரிய அட்டை மாட்டிய இரண்டு பேர், அதில் ஒருவர் பெண், ஆடாமல் குடிக்காமல் முழு நேரமும் கூட்டத்துக்குள் நடக்க வேண்டும். சொல்ல வந்தவரிடம் "நீ எங்க நின்ன, என்ன போட்டிருந்த" என்ற விசாரணை வேண்டாம். அவனை அப்போதே வெளியே அனுப்புங்கள், காசைத் திருப்பிக் கொடுத்தாவது. போலீஸுக்குப் போவதா வேண்டாமா என்பது அந்தப் பெண்ணின் முடிவு, பெண்கள் உதவி எண் 181, அவசர எண் 112 இரண்டையும் சொல்லிவிட்டு அவர் எதைச் சொன்னாலும் கூட நில்லுங்கள். தயவுசெய்து கூட்டம் சேர்த்து அடிக்காதீர்கள். அடி விழுவதைப் பார்த்த அடுத்த பெண், தன்னால் ஒருத்தன் சாகக் கூடாது என்று வாயே திறக்க மாட்டார்.

இரண்டாம் பாதிக்கு எங்கள் கதையைத்தான் சொல்ல வேண்டும். இரண்டாம் வருஷம் ஒரு பெண் புகார் சொன்னது எங்களோடு ஆரம்பத்திலிருந்து வேலை செய்த ஒருவனைப் பற்றி. நாங்கள் செய்த முதல் வேலை "அவன் அப்படிப்பட்டவன் இல்லையே" என்று சொன்னது. இரண்டாவது, பேசித் தீர்க்கலாம் என்று மூன்று வாரம் இழுத்தது. அவர் அப்புறம் வரவில்லை, அவரோடு வந்துகொண்டிருந்த ஆறு பேரும் வரவில்லை, அவர்கள் போன பிறகுதான் அவனை விலக்கினோம். யாருக்கு என்ன பிரயோஜனம்? இப்போது ஒரு விதி இருக்கிறது: புகார் யார் மேலோ, அவனுக்கு நண்பனாக இருக்கிறவன் அந்த விஷயத்தில் வாய் திறக்கக் கூடாது. எங்கள் ஐந்து பேருக்குமே நண்பன் என்றால், வெளியே மூன்று பேரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்திருக்கிறோம், அவர்கள் முடிவு செய்வார்கள். அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டு எழுதினோம், பதில் வரவில்லை, வர வேண்டும் என்று கட்டாயமும் இல்லை.

இவ்வளவுக்கும் காசு எங்கருந்துண்ணே வரும்?

மேலே சொன்னதில் பாதிக்குக் காசே வேண்டாம். ஸ்டாம்ப், அட்டை, தாழ்ப்பாள், நேரத்தை மாற்றுவது எல்லாம் யோசனைச் செலவுதான். காசு ஆகிறவை ஹால், காவலர், கலைஞர் சம்பளம். டிக்கெட்டில் இரண்டு விலை வைத்திருக்கிறோம், முடிந்தவர் அதிக விலையைக் கொடுக்கலாம், முடியாதவர் குறைந்த விலையைக் கொடுக்கலாம், எதற்கும் காரணம் கேட்பதில்லை. ஏமாற்றுகிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள், ஐபோனை வைத்துக்கொண்டு குறைந்த டிக்கெட் வாங்குவான் ஒருத்தன். போகட்டும், அவனைப் பிடிக்க ஆள் போட்டால் அந்த ஆள் முதலில் பிடிப்பது லுங்கிக்காரரை.

லேசர், புகை மெஷின், பெரிய எல்இடி திரை, இவற்றில் ஒன்றைக் குறைத்தால் பலகைக்கும் காவலருக்கும் காசு வந்துவிடும். எங்களிடம் ஒரு வருஷமாகப் புகை மெஷின் இல்லை. யாரும் கேட்கவில்லை.

போஸ்டர்ல 'அனைவரும் வருக'ன்னு போட்டா முடிஞ்சதுல்ல?

காதுகுத்துப் பத்திரிகையிலும்தான் அப்படிப் போடுகிறார்கள். வரலாமா வேண்டாமா என்று யோசிக்கிறவருக்கு வேண்டியது தகவல். எங்கள் கடைசிப் போஸ்டரின் கீழ்ப்பாதி இது, வேண்டுமானால் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்:

'மாலை 3.30க்குத் தொடக்கம், 7.30க்கு முடிவு, நீளாது. பஸ் ஸ்டாப்பிலிருந்து நாலு நிமிஷ நடை, வழி முழுக்கத் தெருவிளக்கு உண்டு. வாசலில் இரண்டு படி, சாய்வுப் பலகை போட்டிருக்கிறோம். கழிப்பறை மூன்று, அதில் ஒன்று யாரும் போகலாம். மின்னல் விளக்கு இல்லை. மது இல்லை. உடைக் கட்டுப்பாடு இல்லை. ரொக்கமும் வாங்குவோம். கேட்காமல் யாரையும் தொடக் கூடாது, படம் எடுக்கக் கூடாது. பிரச்சினை என்றால் கழுத்தில் அட்டை போட்ட இருவரிடம் சொல்லலாம். வருவதற்கு முன்னால் ஏதாவது கேட்க வேண்டுமானால் இந்த எண்ணில் ஒரு அக்கா எடுப்பார்.'